ஹைட்ராலிக் லிஃப்ட்: காலையில் குலுக்குகிறது, சாயங்காலம் ஊர்கிறது. வால்வு பிளாக்கையே மாற்றணுமா?

மூன்றாம்மாடி | செவ்வாய், காலை 8:40

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் தரைத்தளமும் மேலே மூன்று மாடியும் உள்ள குடியிருப்பு எங்களுடையது. பன்னிரண்டு வீடு. இந்த வருடம் நான்தான் சங்கச் செயலாளர், அதனால் லிஃப்டுக்கு விழும் திட்டு எல்லாம் எனக்குத்தான்.

எட்டு பேர் போகும் ஹைட்ராலிக் லிஃப்ட், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் ஏறுவது. உள்ளே பலகையில் 544 கிலோ, விநாடிக்கு 0.6 மீட்டர் என்று போட்டிருக்கிறது. காலையில் ஏறி மாடியில் நிற்கும்போது 'டங்' என்று ஒரு அடி. கிளம்பும்போதும் ஒரு எத்து. எதிர்வீட்டுப் பாட்டி லிஃப்டே வேண்டாம் என்று படியில் ஏற ஆரம்பித்துவிட்டார், முழங்கால் வலியோடு. சாயங்காலம் கதையே வேறு. மாடி வருவதற்கு அரை மீட்டர் முன்பே வேகம் செத்து, எட்டு ஒன்பது விநாடி ஊர்ந்து போய் நிற்கிறது. இது போதாதென்று ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் ஏறாமலே மோட்டார் உறுமுகிறது. பேய் என்று ஒரு வீட்டில் கற்பூரம் கூட ஏற்றிவிட்டார்கள்.

சர்வீஸ் கம்பெனிக்காரர்கள், எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பிளாக் போய்விட்டது, மொத்தமாக மாற்றணும், 1,70,000 ஆகும் என்கிறார்கள். நம்பலாமா?

நாலுசக்கரம் | செவ்வாய், காலை 9:05

ஹைட்ராலிக்கே பழைய காலத்துச் சமாச்சாரம் சார். பேசாமல் கழற்றி எறிந்துவிட்டு கயிறு லிஃப்ட் போடுங்கள்.

மூன்றாம்மாடி | செவ்வாய், காலை 9:20

மொட்டை மாடியில் மெஷின் ரூம் இல்லை, மேலே ஹெட்ரூமும் குறைவு. அதனால்தான் பில்டர் ஹைட்ராலிக் போட்டாராம். எறிவதற்குப் பணமும் இல்லை.

ஆலன்கீ | செவ்வாய், காலை 11:48

சார், மதுரையில் இருபது வருடமாக லிஃப்ட் வேலை பார்க்கிறேன். விலையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் சில கேள்வி.

இறங்கும்போதும் நிற்கையில் அடிக்கிறதா, ஏறும்போது மட்டுமா? ஆள் நிறைய இருந்தால் மாறுகிறதா? எண்ணெய்த் தொட்டியில் தெர்மாமீட்டர் இருந்தால் காலையில் எவ்வளவு, சாயங்காலம் எவ்வளவு? எந்த மாதத்திலிருந்து? யாராவது வால்வில் திருகாணியைத் திருப்பினார்களா?

மூன்றாம்மாடி | செவ்வாய், மதியம் 1:15

இறங்குவது பூப்போல இருக்கிறது. சில நாள் காலையில் மட்டும் ஒரு விரல் தாழ இறங்கி, திரும்ப மேலே வந்து சரியாகிறது. ஏறும்போதுதான் அடி. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடி உண்டு.

மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில்தான் பவர் பேக் (மோட்டார், பம்ப், எண்ணெய்த் தொட்டி எல்லாம் சேர்ந்தது). தொட்டி மேல் இருக்கும் கண்ணாடியிலேயே தெர்மாமீட்டர் இருந்தது. இன்று காலை 21. நேற்று மாலை ஆறு மணிக்கு 47.

எப்போதிலிருந்து என்று கேட்டால், ஜூன் கடைசி என்று நினைக்கிறேன். ஆகஸ்டில் ஒரு பையன் வந்து இரண்டு திருகாணியைத் திருப்பினான். அதற்குப் பிறகுதான் கிளம்பும்போது எத்துகிறது. முன்பு நிற்கும்போது மட்டும்தான்.

ஆலன்கீ | செவ்வாய், இரவு 10:30

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். உங்கள் பம்புக்கு மூளை கிடையாது. போட்டால் முழு வேகம், அணைத்தால் நின்றுவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 90 மில்லிமீட்டர் ராம், கயிறு போட்டு 1:2 என்று வைத்துக்கொண்டால் (ராம் என்பது சிலிண்டரிலிருந்து எழும் தண்டு, கார் என்பது நாம் நிற்கும் பெட்டி; ராம் ஒரு அடி ஏறினால் கார் இரண்டு அடி ஏறும்) நிமிடத்துக்கு ஏறக்குறைய 115 லிட்டர் எண்ணெய் தள்ளணும். மோட்டார் போட்ட நொடியே அத்தனையும் சிலிண்டருக்குப் போனால் உள்ளே இருப்பவர் கால் தரையில் நிற்காது. ஏற்றம் சொகுசாக இருப்பதெல்லாம் அந்த வால்வு பிளாக்கின் சாமர்த்தியம்.

வயலில் மடை மாற்றித் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். பம்ப்செட் தண்ணீர் ஒரு தொட்டியில் விழுகிறது, அதற்கு இரண்டு வாய். ஒரு வாய் கிணற்றுக்கே திரும்பிப் போகிறது, இன்னொன்று வாய்க்காலுக்கு. முதல் வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டால் வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் வராது. அந்த வாயை மெல்ல மெல்ல மூட, வாய்க்காலில் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும். அந்த முதல் வாய்தான் பைபாஸ். கிணறுதான் எண்ணெய்த் தொட்டி.

லிஃப்ட் ஏறுவது இப்படித்தான். மோட்டார் ஓடத் தொடங்கும்போது பைபாஸ் திறந்திருக்கும், எண்ணெய் சும்மா சுற்றி வரும். ஒன்று இரண்டு விநாடி கார் அசையாமல் நிற்கணும். பிறகு பைபாஸ் மெல்ல மூடும், நான்-ரிட்டர்ன் வால்வைத் (எண்ணெயைத் திரும்பி வர விடாதது) தள்ளிக்கொண்டு எண்ணெய் சிலிண்டருக்குப் போகும், கார் கிளம்பும். மாடி நெருங்கும்போது ஷாஃப்டில் (லிஃப்ட் ஏறி இறங்கும் குழி) உள்ள மேக்னெட், லிஃப்டை இயக்கும் மின் பேனலான கன்ட்ரோலருக்குச் சொல்லும், கன்ட்ரோலர் ஒரு காயிலை (வால்வில் உள்ள மின்காந்தச் சுருள்) விடும், அதாவது அதன் கரண்டை நிறுத்தும், பைபாஸ் பாதி திறக்கும், கார் லெவலிங் வேகத்துக்கு (மாடி மட்டத்தைப் பிடிக்கும் மெதுவான வேகம்) இறங்கும். மாடி மட்டத்தில் அடுத்த காயிலையும் விட்டால் பைபாஸ் முழுக்கத் திறந்து கார் நிற்கும்.

இறங்குவதற்கு மோட்டாரே வேண்டாம். காரின் எடையே எண்ணெயைத் தள்ளும், டவுன் வால்வு அளந்து விடும்.

இப்போது உங்கள் காலையும் சாயங்காலமும். இந்த பைபாஸ் பிஸ்டனை நகர்த்துவது காயில் இல்லை. காயில் ஒரு சின்ன ஓட்டையைத் திறந்து மூடும், அவ்வளவுதான். அந்த மயிரிழைத் துளை வழியாகக் கசியும் எண்ணெய்தான் பிஸ்டனை நகர்த்துகிறது. திருகாணி அந்தத் துளையைத்தான் சிறிதாக்கும், பெரிதாக்கும். வழக்கமாக ஊற்றுவது 46ஆம் நம்பர் எண்ணெய், அந்த 46 என்பது 40 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை. 20 டிகிரியில் அதே எண்ணெய் இரண்டரை மடங்குக்கு மேல் கெட்டி. காலையில் காயிலை விட்டாலும் பிஸ்டன் சோம்பலாக நகரும். வேகம் குறைவதற்குள் மாடி வந்துவிடும், மிச்ச வேகத்தோடு போய் முட்டும். சாயங்காலம் எண்ணெய் நீர்த்துப் போய் பிஸ்டன் சட்டென்று நகரும், வேகம் சீக்கிரமே குறைந்துவிடும், மிச்ச தூரத்தை ஊர்ந்து கடக்கணும். மேக்னெட் என்னவோ அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே காலை, மாலை வித்தியாசம் ஓரளவுக்கு இந்த வகை வால்வின் பிறவிக் குணம். ஆனால் 'டங்' என்ற அடி அப்படி இல்லை. இறங்கும்போது பூப்போல, ஏறும்போது மட்டும் அடி என்பதைப் படித்ததும் எனக்கு சந்தேகம் வால்வு மேல் இல்லை. ஜூனில் கன்ட்ரோலர் பக்கம் ஏதாவது கை வைத்தார்களா?

மூன்றாம்மாடி | புதன், காலை 7:02

நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஜூனில் ஒரு இடி மழையில் பேனலில் இருந்த போர்டு எரிந்துபோய் வேறு போர்டு போட்டார்கள். பழைய மாடல் கிடைக்கவில்லை என்று வேறு மாடல்.

ஆலன்கீ | புதன், காலை 7:25

அதுதான். ஏறி நிற்கும்போது காயிலை விட்ட பிறகும் மோட்டார் அரை விநாடி கூட ஓடணும். அந்த அரை விநாடியில்தான் பைபாஸ் மெல்லத் திறந்து காரை அணைத்து நிறுத்தும். காயிலும் மோட்டாரும் ஒரே நேரத்தில் விட்டுப்போனால் எண்ணெய் வரத்து வெட்டினாற்போல் நின்று, நான்-ரிட்டர்ன் வால்வு படாரென்று உட்காரும். உங்கள் 'டங்' அதுதான் என்று என் ஊகம். இறங்கும்போது மோட்டார் இல்லை, அதனால் அடியும் இல்லை. புது போர்டில் அந்த நேரம் பூஜ்யத்தில் கிடக்கும், போய்ப் பாருங்கள். நீங்களே பேனலைத் திறக்க வேண்டாம், ஆளை வரச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் திருப்பியது அநேகமாக பைபாஸ் திருகாணி. உள்ளே முடுக்கியிருப்பான். அதனால் காத்திருக்கவேண்டிய அந்த ஒன்றிரண்டு விநாடி காணாமல் போய், மோட்டார் சத்தம் கேட்டதும் கார் எத்துகிறது. பழைய இடத்துக்குக் கொண்டுவரணும். எத்தனை சுற்று என்று எழுதி வைத்திருக்கிறானா கேளுங்கள். (எழுதியிருக்க மாட்டான்.)

ஷார்ஜா வெயில் | புதன், மதியம் 12:10

ஆலன்கீ அண்ணன் சொன்னது சரி. கூடவே ஸ்டார்-டெல்டா நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள் (மோட்டார் முதலில் ஸ்டாரில் குறைந்த வலுவோடு கிளம்பி, பிறகு முழு வலுவுக்கு டெல்டாவுக்கு மாறும்). மோட்டார் டெல்டாவுக்கு மாறிய பிறகுதான் மேலே போகும் காயிலுக்குக் கரண்ட் போகணும். ஸ்டாரில் இருக்கும்போதே பாரம் விழுந்தால் மோட்டார் திணறி, மாறும் நொடியில் ஒரு குலுக்கல் வரும். புது போர்டில் இதையும் தப்பாக வைத்திருந்த இரண்டு இடம் நான் பார்த்திருக்கிறேன்.

சூடு பற்றி ஒரு கணக்கு. காரும் ஆட்களும் சேர்த்து 900 கிலோ, 9 மீட்டர் இறங்குகிறது என்றால் 79 கிலோஜூல். கயிறு லிஃப்ட் மாதிரி எதிர் எடை கிடையாது, எனவே அத்தனையும் வால்வில் தேய்ந்து எண்ணெயில் சூடாகத்தான் முடியும். 200 லிட்டர் தொட்டி என்றால் ஒரு முழுப்பார இறக்கத்துக்குக் கால் டிகிரி. ஏறும்போது பம்பில் வீணாவது தனி. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நாற்பது தடவை ஓடினால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இங்கெல்லாம் ஆயில் கூலர் இல்லாமல் ஹைட்ராலிக் லிஃப்டை நினைத்தே பார்க்க முடியாது. உங்கள் படிக்கட்டு அறையில் காற்று போக வழி இருக்கிறதா?

மூன்றாம்மாடி | புதன், மதியம் 12:40

கதவில் ஜன்னல் போல கம்பி வலை உண்டு. அதற்கு முன்னால்தான் தரைத்தளத்து வீட்டுச் செருப்பு ஸ்டாண்ட்.

ஷார்ஜா வெயில் | புதன், மதியம் 12:43

😄 அதை முதலில் எடுங்கள்.

பழையபொறியாளர் | புதன், மாலை 5:30

ராத்திரிப் பேயைப் பற்றி யாரும் பேசவில்லையே. எண்ணெய் ஒரு டிகிரி ஆறினால் சுமார் 0.07 சதவீதம் சுருங்கும். கார் மூன்றாம் மாடியில் நிற்கும்போது சிலிண்டரில் ஏறக்குறைய 5 மீட்டர் எண்ணெய். அது 10 டிகிரி ஆறினால் ராம் மூன்றரை சென்டிமீட்டர் தாழும், 1:2 கயிற்றில் கார் ஏழு சென்டிமீட்டர் தாழும். ஒரு சொட்டுக் கசிவு இல்லாமலே. கார் இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்தாலே கன்ட்ரோலர் மோட்டாரைப் போட்டு மட்டத்துக்கு ஏற்றும். ஆக ராத்திரியில் மூன்று தடவை உறுமல்.

இதற்காகத்தான் ஐரோப்பியத் தரமான இஎன் 81-20இல் ஒரு விதி உண்டு. மோட்டார் போட்டு மட்டம் சரிசெய்யும் லிஃப்ட், கடைசிப் பயணம் முடிந்து 15 நிமிடத்துக்குள் தானாகவே கீழ்த்தளத்துக்குப் போய் நிற்கணும். கீழே நின்றால் சிலிண்டரில் எண்ணெயும் குறைவு, தாழ்வும் குறைவு. உங்கள் லிஃப்ட் ராத்திரியில் எங்கே நிற்கிறது?

மூன்றாம்மாடி | புதன், மாலை 6:05

யார் கடைசியாகப் போனார்களோ அந்த மாடியில். ஆனால் முன்பு தானாகக் கீழே வந்துவிடும், இப்போதுதான் ஞாபகம் வருகிறது!

பழையபொறியாளர் | புதன், மாலை 6:20

அதுவும் புது போர்டில் விட்டுப்போன செட்டிங்தான் போலிருக்கிறது. இருந்தாலும் கசிவு இல்லை என்று உறுதி செய்வது நல்லது. ஆள் இல்லாத காரை நிறுத்தி, மெயினை அணைத்து, பவர் பேக்கிலிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாயில் உள்ள பால் வால்வை மூடி, ராமில் ஒரு பென்சில் கோடு. மூடியும் தாழ்ந்துகொண்டே போனால் சிலிண்டர் சீல் அல்லது குழாய். மூடியதும் நின்றுவிட்டால் கசிவு வால்வு பிளாக் பக்கம். இதைக் காலையில் செய்யச் சொல்லுங்கள், எண்ணெய் ஏற்கெனவே ஆறியிருக்கும். சாயங்காலம் செய்தால் சுருக்கத்தைக் கசிவு என்று எழுதி, நல்ல சீலை மாற்றிவிட்டுப் போவார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் அப்படி ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இன்னும் உறுத்துகிறது.

நித்யா_வேளச்சேரி | புதன், இரவு 8:15

படித்துக்கொண்டே வந்தேன், பயமாக இருக்கிறது. குழாய் வெடித்தால் கார் விழுந்துவிடாதா?

ஆலன்கீ | புதன், இரவு 8:50

விழாதும்மா. சிலிண்டர் வாயிலேயே ஒரு வால்வு இருக்கும், ரப்ச்சர் வால்வு என்போம். குழாய் போய் எண்ணெய் கொட்டினால் கார் வேகமாக இறங்கப் பார்க்கும். அளவு வேகத்தை விட விநாடிக்கு 0.3 மீட்டர் கூடுவதற்குள் அது தானாக மூடி காரைப் பிடித்துவிடும். கரண்ட் போனாலும் கையால் திறந்து மெல்ல இறக்க ஒரு பொத்தான் உண்டு, அதிலும் வேகம் 0.3ஐத் தாண்டாது. மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதில் கயிறு லிஃப்டை விட இது சுலபம்.

டிரைவ்பிரியன் | வியாழன், காலை 10:00

மெக்கானிக்கல் வால்வோடு மல்லுக்கட்டுவதை விட எலெக்ட்ரானிக் வால்வுக்குப் போகலாமே? பெரிங்கர் கொண்டுவந்து இப்போது புக்கரிடம் இருக்கும் எல்ஆர்வி வகை வால்வுக்குள் எண்ணெய் ஓட்டத்தை அளக்கும் மீட்டரே இருக்கிறது. ஓட்டம் எவ்வளவு இருக்கணுமோ அதோடு ஒப்பிட்டு வால்வைத் திருத்திக்கொண்டே இருக்கும். எண்ணெய் கெட்டியோ நீர்த்ததோ, மாடிக்கு வரும் வேகம் ஒன்றுதான். இல்லையென்றால் விவிவிஎஃப் டிரைவ். மோட்டார் வேகத்தையே கூட்டிக் குறைத்தால் பைபாஸில் எண்ணெயைச் சுற்றவிட்டுச் சூடாக்குவது பெருமளவு குறையும்.

ஷார்ஜா வெயில் | வியாழன், காலை 11:30

நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் டிரைவ் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஸ்க்ரூ பம்ப் மெதுவாகச் சுற்றும்போது உள்ளேயே எண்ணெய் பின்வாங்கும், அதுவும் சூட்டில் அதிகம். அதற்கு டிரைவ் ஈடுகட்டணும். எளிய வகைகளில் இறங்குவது பழையபடி வால்வை நம்பித்தான். பன்னிரண்டு வீட்டுக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

டிரைவ்பிரியன் | வியாழன், காலை 11:52

கரண்ட் பில்லையும் கணக்கில் சேர்த்தால் உங்கள் யானை கொஞ்சம் இளைக்கும். ஆனால் இந்தக் கட்டடத்துக்கு அவசரமில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆலன்கீ | வியாழன், இரவு 9:10

எனக்கும் எலெக்ட்ரானிக் வால்வு மேல் கோபம் இல்லை. ஆனால் பிளெய்ன் ஈவி 100 மாதிரி சாதா வால்வில் ஒன்பதே திருகாணி. ஏற ஐந்து, இறங்க நான்கு. எது எதற்கு என்று எண் போட்டே வரும். அதைத் தெரிந்தவன் கையில் ஒரு ஆலன் கீயும் அரை மணி நேரமும் இருந்தால் போதும். தெரியாதவன் கையில் போனால் ஒன்பதும் ஒன்றை ஒன்று இழுக்கும். வேகம் குறைவதைத் திருத்தப் போய் லெவலிங் கெடும், அதைத் திருத்தப் போய் நிற்பது கெடும்.

செட்டிங் செய்யும்போது எண்ணெய் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்ப்பதே பாதி வேலை. 21இல் செய்தால் மாலை ஊரும். 47இல் செய்தால் காலை முட்டும். நான் பத்துப் பதினைந்து தடவை காலியாக ஓடவிட்டு 30, 35க்குக் கொண்டுவந்த பிறகுதான் திருகாணியைத் தொடுவேன். ரிலீஃப் வால்வை (அழுத்தம் எல்லை மீறினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு) மட்டும் இந்தச் சாக்கில் யாரும் தொடக்கூடாது. முழுப்பார அழுத்தத்தின் 140 சதவீதத்தில் திறக்கிற மாதிரி வைத்திருப்பார்கள், அதற்கும் சொகுசுக்கும் சம்பந்தமில்லை.

மூன்றாம்மாடி | சனி, மாலை 7:45

நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனியில் சண்டை போட்டு சீனியர் ஒருவரை வரவழைத்தேன். இந்த இழையை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு உட்கார்ந்து முழுசும் படித்தார்.

காலை ஏழு மணிக்கு பால் வால்வு சோதனை. ஒன்றரை மணி நேரம் மூடி வைத்தோம். பென்சில் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. திறந்து இன்னும் ஒரு மணி நேரம், அப்போதும் அசையவில்லை. ஆக சீலும் நன்றாக இருக்கிறது, வால்வும் கசியவில்லை.

பேனலில் மோட்டார் கூடுதலாக ஓடும் நேரம் 0.0 என்று இருந்தது. அரை விநாடி வைத்தார். அடுத்த ஓட்டத்திலேயே 'டங்' போய்விட்டது! அவரே கொஞ்சம் அசந்துபோனார். கீழே வந்து நிற்கும் செட்டிங்கும் அணைத்துக் கிடந்தது, 15 நிமிடம் வைத்தாயிற்று. ஸ்டார்-டெல்டா சரியாகத்தான் இருந்தது.

பிறகு ஆலன்கீ சொன்னபடி எண்ணெய் 32 வரும்வரை ஓடவிட்டு, பைபாஸ் திருகாணியைக் கால் கால் சுற்றாக வெளியே எடுத்தார். முக்கால் சுற்றில் எத்து நின்றது. சோதனைக்கு எதிர்வீட்டுப் பாட்டி ஒரு டம்ளர் காப்பியை விளிம்புவரை ஊற்றி கார் தரையில் வைத்தார். மூன்று மாடி ஏறி இறங்கியதில் டபராவில் இரண்டு சொட்டு. அந்த இரண்டு சொட்டும் நிற்கும்போது சிந்தியது என்பது பாட்டியின் தீர்ப்பு.

சாயங்கால ஊர்தல் முழுசாகப் போகவில்லை. எட்டு விநாடி இப்போது நாலு. செருப்பு ஸ்டாண்ட் நகர்ந்துவிட்டது, அதற்கு மட்டும் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டியிருந்தது. இன்று ஆறு மணிக்கு எண்ணெய் 43. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாம் என்று பேச்சு.

ஆலன்கீ | சனி, இரவு 9:30

நாலு விநாடி என்றால் விட்டுவிடுங்கள் சார். அதைக் குறைக்கப் போனால் காலையில் திரும்ப முட்டும். ஃபேன் போட்டு 40க்குள் வைத்தால் இன்னும் ஒரு விநாடி குறையலாம்.

நாளைக்கே ஒரு வேலை. ஒன்பது திருகாணித் தலையிலும் பிளாக்கிலும் சேர்த்து வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போடச் சொல்லி, போட்டோ எடுத்து வையுங்கள். பேனல் செட்டிங் பக்கங்களையும் எடுத்து வையுங்கள். அடுத்த இடிக்கு போர்டு போனால் வருகிறவனிடம் அதைக் காட்டலாம்.

மூன்றாம்மாடி | ஞாயிறு, காலை 10:12

பெயிண்ட் இல்லை, பேத்தியின் நெயில் பாலிஷ்தான் கிடைத்தது. கோடு ரோஸ் கலரில் இருக்கிறது. போட்டோ லிஃப்ட் பதிவேட்டில் ஒட்டியாயிற்று.